ஆலங்காயத்தில் கொடுத்த பாஸ்வேர்டு

காவலூர்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் அருணாவுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கறவை மாடும் கன்றும் இந்த மழைக்குத் தப்பி நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டுக் காய்ச்சல் தலைவலி அண்டாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன வாரம் போனில் உனக்குத் தொண்டை கட்டியிருந்தது, கேட்டால் இல்லை என்றாய், எனக்குத் தெரியாதா உன் குரல். உன் ரூமில் இருக்கிற வாணியம்பாடிப் பெண் காஷிஃபாவுக்கும் சேர்த்து மிளகுப்பொடி இடித்து வைத்திருக்கிறேன், வெந்நீரில் போட்டு இரண்டு பேரும் குடியுங்கள். போனிலேயே சொல்லலாமே ஏன் கடிதம் என்று கேட்பாய். டெலஸ்கோப் மேட்டுக்கு ஏறினால்தான் டவர் கிடைக்கிறது, அங்கே எப்போதும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அதோடு நான் ராஜாக்கண்ணு என்று ஆரம்பித்தாலே நீ கிளாஸுக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரைக்கும் படித்தாக வேண்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ராஜாக்கண்ணுவை அவன் கம்ப்யூட்டர் கடையிலிருந்தே போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டே பார்த்தது. நான் எதிர்ப்பக்கம் பழக்கடை வாசலில் நின்று பார்த்தேன். சத்துணவு சமையலுக்கு அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன், முன்னாலேயே எனக்குத் தகவல் வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து வெல்லம் போட்டுச் சாமைப் பாயசம் வைத்தேன், தீபாவளிக்குக்கூட வைக்காதவள். இப்படி சந்தோஷப்படுவது பாவம் என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். மூன்று வருஷம் என் நெஞ்சில் கிடந்த நெருப்பு எனக்குத்தான் தெரியும்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்கு உன் பக்கம்தான் தெரியும், நீ போனபிறகு இங்கே நடந்தது பாதி தெரியாது, அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நீ பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கினபோது கவுன்சலிங் எல்லாம் கம்ப்யூட்டரில் என்றார்கள். நமக்கு ராஜாக்கண்ணுவைத் தவிர யாரைத் தெரியும். அவனும் இந்த மலையில் பிறந்து ஆலங்காயத்துக்கு இறங்கினவன், நம் சனம், நீ மாமா என்று கூப்பிட்டாய். அன்றைக்கு அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது, "மலைல டவர் எங்கக்கா கெடைக்குது? ஓடிபி வந்தா நீங்க மேட்டுக்கு ஏறிப் பாக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சி பூடும். என் நம்பரையே போட்டுக்கறேன். பாஸ்வேர்டையும் நோட்டுல எழுதி வச்சிக்கறேன், நீங்க மறந்துட்டாலும் நான் இருக்கறேன்ல" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்து அடுத்த வாரம் ஒரு படி சாமை அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். காலேஜ் வரிசையில் நீ வேலூர்ப் பக்கத்துக் காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பை முதலில் போட்டாய், அங்கே நம் சாதிச் சான்றிதழுக்கு ஒரே ஒரு இடம், உன் மார்க்குக்கு அது கண்டிப்பாகக் கிடைக்கும் என்று உங்கள் டீச்சரே சொன்னார். ரிசல்ட் வந்தபோது உனக்குத் தெற்கே எங்கேயோ ஒரு காலேஜ், நீ கேட்கவே கேட்காத பாடம். வேலூர்ப் பக்கத்து இடம் ராஜாக்கண்ணுவின் தங்கை மகன் நவீன்குமாருக்குப் போயிருந்தது, உன்னைவிட நாற்பது மார்க் குறைவு அவன்.

அதை நான் ஒருவேளை மறந்தாலும் மறந்திருப்பேன். மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. உன் அப்பா கேட்கப் போனார், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருபது பேர் முன்னால் அவன் சொன்னானாம், "உம்பொண்ணுதாம்ணா வந்து மாத்தினு போச்சு. கூட ஒரு பையன் வந்தான். அந்தப் பையன் எந்தக் காலேஜோ அதையே இதுவும் போட்டுச்சி. ஓடிபி கேட்டுச்சி, குடுத்தேன். நான் இன்னா பண்றது, வூட்ல கேட்டுக்கோ" என்றானாம். எந்தத் தேதியில் வந்தாள் என்று கேட்டதற்கு, "யாருக்கு நெனப்பு இருக்குது, ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன இருக்கும்" என்றானாம். அப்பா உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அடித்திருந்தால்கூட நான் நடுவில் விழுந்து தடுத்திருப்பேன். வாயைக் கட்டிக்கொண்டார். அன்றையிலிருந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, நீ சோறு போட்டால் எழுந்து போனார், ஊரில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவனோ ஒருத்தன் டீயை உறிஞ்சிக்கொண்டு சொன்ன பேச்சு அவருக்கு வேதமாகப் போயிற்று, பதினேழு வருஷம் வளர்த்த பிள்ளை பேச்சு வேண்டாதது ஆயிற்று.

நீ அந்த ஒரு வருஷம் வாணியம்பாடி ஷூ கம்பெனியில் பசை தடவிக்கொண்டு, பஸ்ஸில் புத்தகம் படித்துக்கொண்டு, காஷிஃபாவோடு சேர்ந்து வேறு பரீட்சை எழுதி, பூனாவில் இந்த சைபர் செக்யூரிட்டி படிப்பில் சேர்ந்தாய். என்ன படிப்பு என்று கேட்டேன். "சர்வர் எல்லாம் கெடாம ஓட்டறதும், பூட்டி வெக்கறதும், எவனாவது பூந்தா கண்டுபிடிக்கறதும்மா" என்றாய். ஏன் அதை எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவை இல்லை. நீ கிளம்பின அன்றைக்கு உன் அப்பா பொழுது விடிந்ததும் சாமைக் கொல்லைக்குப் போய்விட்டார். காட்பாடி வரைக்கும் நான்தான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரயில் நகரும்போது நீ ஜன்னலில் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாய். அந்தப் பார்வைக்குத்தான் அருணா நான் இத்தனையும் செய்தேன்.

முதல் வருஷம் முடிந்து லீவுக்கு வந்தபோது உன்னிடம் நான் கேட்டேனே, நினைவிருக்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாய். உனக்குத்தான் எல்லாப் பூட்டும் திறக்கத் தெரியுமே, அவன் கம்ப்யூட்டருக்குள் போ, அவன் வைத்திருக்கிறதை எல்லாம் அழித்துவிட்டு வா, அவன் நடுரோட்டில் நின்று அழ வேண்டும் என்றேன். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய், "நாளைக்கு ஒரு கம்பெனி சர்வர் மொத்தமும் எங்கையில குடுப்பாங்கம்மா. சாவி இருக்குதுன்றதுக்காகத் தொறக்க மாட்டான்னு நம்பித்தான் குடுப்பாங்க. அவங்கிட்டயும் நாம சாவி குடுத்தோம். அவன் பண்ணதையே நானும் பண்ணா, அப்புறம் இன்னாத்துக்கு இந்தப் படிப்பு?" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு உன்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கையாலாகாத படிப்பு என்று மனசுக்குள் திட்டினேன். பூனாவுக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நீயாகத்தான் சொன்னாய், "அவ்ளோ பெரிய சிஸ்டம்ல யார் எப்ப உள்ள வந்தாங்க, இன்னா தொட்டாங்கன்னு எழுதாம இருக்காதும்மா. அதுக்குப் பேரு லாக். நம்ம பேர்ல இருக்கற லாக்க நாம கேக்கலாம், எழுத்துல கேக்கணும்" என்று. சொல்லிவிட்டு, ஆனா நீ விட்டுடும்மா, நான் போகவேண்டிய எடத்துக்குப் போய்ட்டேன் என்றாய். நீ சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். எழுதி வைக்கிறது எனக்குப் புரியாத விஷயமா. இன்றைக்கு எத்தனை பிள்ளை சாப்பிட்டது, எத்தனை முட்டை உடைந்தது என்று தினமும் ரிஜிஸ்தரில் எழுதுகிறவள்தானே நான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனு போட்டேன். மூன்றாவது ஆளுடைய தகவலைத் தர முடியாது என்று பதில் வந்தது, பெற்ற தாய் மூன்றாவது ஆளாம். மறுபடியும் போட்டேன், மறுபடியும் அதே வரி. அப்புறம்தான் உன்னிடம் கெஞ்சினேன், நீ உன் பெயரில் கையெழுத்துப் போட்டு, இது ஒண்ணுதான் பண்ணுவேன், இத்தோட நிறுத்திக்கோ என்று எழுதி அனுப்பினாய். நிறுத்திக்கொள்கிறேன் என்று நான் போனில் சொன்னது பொய். ஆறு மாசம் கழித்து ஆலங்காயம் தபால் ஆபீஸில் அந்தக் கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுபோகிற பொறுமை இல்லை, பஸ் ஸ்டாண்டிலேயே பிரித்தேன். ஒரே ஒரு தாள். நீ முதலில் போட்ட வரிசை, பிறகு மாறின வரிசை, ஓடிபி போன நம்பர், மாற்றின தேதி, மணி. நம்பர் எதிரில் அவன் கடைப் போர்டிலேயே மஞ்சள் பெயிண்டில் இருந்தது, பத்து எண்ணையும் ஒன்றொன்றாகச் சரிபார்த்தேன். ஆனால் அது முன்பே தெரிந்ததுதான், ஓடிபி கொடுத்தேன் என்று அவனே சொன்னானே. என் கண் அந்தத் தேதியில் நின்றது. கடைசி நாள், வியாழக்கிழமை, சாயந்திரம் நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். காவலூர் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன், அன்றைக்கு நாம் எல்லோரும் எங்கே இருந்தோம் என்று. பாதி மலை ஏறும்போது நினைவு வந்தது. சீட்டை விட்டு எழுந்தே நின்றுவிட்டேன், பக்கத்தில் இருந்த பெண் இன்னாக்கா ஒடம்பு சரியில்லியா என்று தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டு இருக்கிற டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். உன் அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார், இன்னா தேடற என்றார். கொட்டினதைத் துழாவினேன். கிடைத்தது. ஒடுகத்தூர்ப் பல் டாக்டர் சீட்டு. அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கின அன்றைக்குக் கொடுத்தது. அதையும் அந்தத் தாளையும் அவர் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சத்தமாகப் படி என்றேன். முதலில் தாளைப் படித்தார். பிறகு சீட்டைப் படித்தார், அதே வியாழக்கிழமை, ஊசி போட்ட நேரம் மூன்றே முக்கால், உடன் வந்தவர் சம்மதம் என்று போட்ட கோட்டின் மேல் மகள் என்று எழுதி உன் கையெழுத்து. அப்புறமும் நான் விடவில்லை. புளி மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது யார், ரத்தத் துணியை மாற்றி மாற்றிப் பிடித்தது யார், ஆறு மணி பஸ் வரைக்கும் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார், அந்த நேரத்தில் ஆலங்காயத்தில் பையனோடு நின்றவள் யார் என்று கேட்டேன். அவர் கை தானாகப் போய்ப் பல் போன தாடையைத் தொட்டது. அவ்வளவுதான், எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனவர் இருட்டும் வரைக்கும் வரவில்லை. வந்து, "நான் இன்னா பண்ணட்டும் மங்கா, சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. உன்னோடு அவர் பேசாத நாளுக்கு ஈடாக ஒரு மாசம் நானும் அவரோடு பேசவில்லை. சோறு இருக்கிறது, விறகு இல்லை என்று எல்லாவற்றையும் மாட்டிடம்தான் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டு செய்தார். அந்த ஒரு மாசம் எனக்குப் போதவில்லை என்பதையும் உனக்கு எழுதிவிடுகிறேன்.

பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு திருப்பத்தூருக்குப் போனேன். சைபர் கிரைமில் ரேணுகாதேவி என்று ஒரு எஸ்.ஐ. அம்மா, உன்னைவிட எட்டு பத்து வயசு மூத்தவளாக இருப்பாள். முதலில், மூணு வருஷம் ஆச்சேம்மா, இப்ப எதுக்கு என்றாள். நான் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு, "இத யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றாள். எம்பொண்ணு பூனால இதத்தான் படிக்கறா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா. நாற்காலி போடச் சொன்னாள். அடுத்த வாரம் அவன் கடைக்கு வந்து கம்ப்யூட்டரையும் அந்த பாஸ்வேர்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். நோட்டில் நம் மலைப் பிள்ளைகள் முப்பது பேர் இருந்தார்களாம், அதில் இன்னும் மூன்று பேருடைய வரிசையும் கடைசி நாளில் மாறியிருந்ததாம், அவனுக்கு வேண்டியவர்களுக்கு இடம் காலியாக வேண்டி. அந்த மூன்று வீட்டுக்கும் நான் நடந்தே போனேன். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தை, தன் மார்க் போதவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊருக்கு நல்லது செய்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் அதற்காகச் செய்யவில்லை, அவன் தலைமேல் வைக்கிற பாரம் ஒன்றாக இருக்கக்கூடாது நாலாக இருக்கவேண்டும் என்றுதான் செய்தேன்.

ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்த மறுநாளே ராஜாக்கண்ணு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். தங்கையையும் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் ஆப்பிளும் மாதுளையும் வைத்துக்கொண்டு. அக்கா அக்கா என்று அழுதான். "பையன் கடைசி வருசம்க்கா. அவன் லைப்பே பூடும். ஒரே ஒரு தப்பு, மன்னிச்சிடு" என்றான். ஒரே ஒரு தப்பா என்று கேட்டேன், காலேஜை மாற்றினது ஒன்று, பையனோடு வந்தாள் என்றது ஒன்று, இதில் எதை மன்னிக்க வேண்டும் சொல் என்றேன். தாம்பாளத்தை என் பக்கம் நகர்த்தினான். நான் சொன்னேன், எந்த டீக்கடையில் சொன்னாயோ அங்கேயே நின்று, சந்தைக்கு ஆள் கூடுகிற நாளில், என் வீட்டுக்காரர் முன்னால் உள்ளதைச் சொல், அப்புறம் பேசலாம். தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

வந்தான். நானும் உன் அப்பாவும் போயிருந்தோம். மூன்று வருஷமாக அந்த டீக்கடைப் பக்கமே போகாத மனுஷர் என் பின்னால் வந்து நின்றார். ராஜாக்கண்ணு வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான், காதில் விழவில்லை, அன்னிக்குச் சொன்ன மாதிரி சத்தமா சொல்லு என்றேன். "அருணா கடைக்கு வரவே இல்ல. எந்தப் பையனும் வரல. நான்தான் மாத்தினேன். அந்தப் பொண்ணு மேல பழி போட்டேன்" என்று சொன்னான். அன்றைக்குச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை, டீ மாஸ்டர் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றார். உன் அப்பா அவன் சட்டையைப் பிடித்துவிட்டார், நான்தான் விலக்கினேன், அடித்தால் கேஸ் நம் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா. அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். டைப் அடித்துக் கையெழுத்தும் போட்டே கொண்டுவந்திருந்தான். நான் செய்த தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டதால் புகார்தாரர் தன் புகாரை வாபஸ் பெறுகிறார், கீழே என் கையெழுத்துக்கு இடம். வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன். போட்டுக் குடுக்கா என்றான். எப்ப நான் வாபஸ் வாங்கறேன்னு சொன்னேன், அப்புறம் பேசலாம்னுதான் சொன்னேன் என்றேன். அவன் முகம் போன போக்கை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே திருப்பத்தூர் பஸ் ஏறி, ஒப்புக்கொள்கிறேன் என்று அவனே கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை ரேணுகாதேவி அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, நீங்க எங்க டிபார்ட்மெண்டுல இருக்கவேண்டியவங்கம்மா என்றாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் ஜீப் வந்தது. கடைக்கு இப்போது சீல், போர்டு மட்டும் இருக்கிறது. கேஸ் நடக்க நாளாகும், அவன் ஜாமீனில் வருவான் என்கிறார்கள், வரட்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போய் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன்.

நவீன்குமார் விஷயமும் சொல்ல வேண்டும். நேற்றுத்தான், திங்கட்கிழமை, சத்துணவுக் கூடத்துக்கே வந்தான் தனியாக. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "எனக்குத் தெரியாது அத்தை. மாமா எனக்கு லக்குன்னுதான் சொன்னாரு. போலீஸ் கேட்டாலும் காலேஜ் கேட்டாலும் நடந்தத சொல்றேன். அருணாகிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்றான். அரை மணி நேரம் வெயிலில் நின்றான். நான் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, கொஞ்சம்தான். அவன் படிப்பையும் பிடுங்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி சேர்க்கத்தான் இருந்தேன், எழுதியும் வைத்திருந்தேன். போன மாசம் நீ போனில், "அவன் இன்னாம்மா பண்ணான், அவன விட்டுடு" என்று சொன்னாயே, அதற்காக அந்த வரியை அடித்துவிட்டேன். எனக்கு மனசில்லை. உன் பேச்சுக்காக விட்டேன், அதையும் நீ தெரிந்துகொள். செமஸ்டர் லீவுக்கு வரும்போது ரேணுகாதேவி அம்மாவிடம் உன் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லாதே.

இனி ஒரு ஆள்தான் பாக்கி, உன் அப்பா. டீக்கடையிலிருந்து வந்த அன்றைக்கே உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று பேனா கேட்டார், கொடுக்கவில்லை. மேட்டுக்குப் போய்ப் போன் போடுகிறேன் என்றார், போனைப் புடவைக்குள் ஒளித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ அழுதுகொண்டே பரவால்லப்பா என்று உடனே சொல்லிவிடுவாய், அவர் அத்தனை சுலபமாகத் தப்பித்துவிடுவார். நேரில் போய்ச் சொல் என்றேன். அவர் வேலூரைத் தாண்டி எங்கே போனார், ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, ரயிலில் ஒரு பகல் ஒரு ராத்திரி உட்கார வேண்டும் என்றதும் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிற வியாழக்கிழமை காட்பாடியில் ஏறுகிறார். உன் ஹாஸ்டல் விலாசத்தை ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துத் தைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்ட்டில் அவருக்கு முன்னால் வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். மிளகுப்பொடி, புது வேட்டித் துணியில் கட்டின பலாச்சுளை வற்றல், காஷிஃபாவுக்கு ஒரு பாட்டில் தேன் எல்லாம் அவர் கையில் வருகிறது.

நீ ஸ்டேஷனுக்குப் போகாதே. உனக்கு மனசு அடித்துக்கொள்ளும், காஷிஃபாவும் பாவம் பெரியவர் என்பாள், இரண்டு பேரும் ரூமிலேயே இருங்கள். நீ அந்த ஊருக்குப் போனபோது உன்னை யார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவரும் கேட்டுக் கேட்டு வரட்டும், இரண்டு பஸ் தப்பாக ஏறி இறங்கட்டும். ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பான். மூன்று வருஷமாக அவர் வாயில் வராத உன் பெயரை அங்கே அவனிடம் சத்தமாகச் சொல்லித்தான் உள்ளே ஆள் அனுப்ப முடியும். சொல்லட்டும். ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லட்டும், அந்த ஊர்க்காரனுக்கு முதல்தடவையிலேயே புரியாது. அதற்குப் பிறகு நீ கீழே இறங்கி வா. எவ்வளவு நேரம் கழித்து வருவது என்பது உன் இஷ்டம், நான் அதில் தலையிடவில்லை.

ஆயுசும் படிப்பும் குறையாமல் எங்கள் குலசாமி உனக்குத் துணை நிற்கட்டும், உன் கையில் கொடுத்த சாவி எதுவும் கெட்டுப்போகாமல் இருக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. அவருக்கு அந்த ஊர் ரொட்டி ஆகாது, எங்கேயாவது சோறு கிடைக்கிற ஓட்டலாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ, கடினமானதை வாங்கிக் கொடுக்காதே, அந்தப் பக்கத்துப் பல் இல்லை.

இப்படிக்கு,
உன் நல்லதைத் தவிர வேறு எதையும் நினைக்காத, மற்றவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாத,
உன் அம்மா,
கோ. மங்கம்மாள்.